டெர்மினலில் வைத்த திருப்புளி

ஆம்ப்ளிஃபயரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. விற்பனையாளர் அதன் முதுகுப் பக்கத்தை வாடிக்கையாளர் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறார். கையில் ஒரு திருப்புளி. ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டுக்கும் குறுக்கே அதன் கம்பியை வைத்து அழுத்துகிறார். சின்னதாக ஒரு பொறி பறக்கிறது, பாட்டு நின்றுபோகிறது. அறையில் ஒரு கணம் யாரும் பேசுவதில்லை. திருப்புளியை எடுத்ததும் பாட்டு மறுபடி கேட்கிறது. புகை இல்லை, கருகல் வாசனை இல்லை. விற்பனையாளருக்கு அதற்கு மேல் பேச வேண்டிய வேலையும் இல்லை.

இந்த வித்தை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் காலத்துக்கு உரியது. வீட்டு ஹை-ஃபை, மேடை ஒலிபெருக்கி, கார் ஸ்டீரியோ என்று சரக்கு மாறியதே ஒழிய திருப்புளி மாறவில்லை. இதை மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. நடப்பது உண்மையான ஷார்ட், தப்பிப்பதும் உண்மையான இயந்திரம்தான். ஆனால் எந்த அளவு ஒலியில், எத்தனை நொடி, எவ்வளவு சூட்டில், எந்த வயர் வழியாக ஷார்ட் செய்தார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் அந்தப் பொறியை வைத்து எதையும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆம்ப்ளிஃபயரின் வரலாற்றைப் புரட்டினால், அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய டிரான்சிஸ்டரைக் கருக்கிய பிறகே எழுந்தவை என்று தெரியும்.

வால்வு காலத்தில் இப்படி ஒரு வித்தைக்கே இடமில்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கர் வயர் இரண்டும் தொட்டுக்கொண்டால் அந்தப் பளு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே வால்வுக்குத் தெரியும். வால்வோ தன்னால் முடிந்த அளவுக்கு மேல் மின்னோட்டம் தராது. கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது அதற்கு நேர் எதிரானதற்கு: ஸ்பீக்கரே இல்லாமல் சத்தமாக ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் எகிறி, சுருளின் காப்பையோ வால்வின் சாக்கெட்டையோ பொறிபறக்கத் தாண்டிவிடும். அதனால் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த கிதார்காரர்களும் சினிமாக் கொட்டகை ஆபரேட்டர்களும் கற்றுக்கொண்ட முதல் பாடம், ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்சைப் போடாதே என்பதே.

டிரான்சிஸ்டர் இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கியது. அதற்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படவில்லை. 1956-ல் ஆர்.சி.ஏ. பொறியாளர் எச். சி. லின், ஒரே வகை பவர் டிரான்சிஸ்டர் இரண்டை வைத்து ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டும் சுற்றை வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகம் முழுதும் கட்டப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பகுதி அதன் வாரிசுகள். டிரான்ஸ்ஃபார்மர் போனதால் எடை குறைந்தது, விலை குறைந்தது, ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சத்தமாக ஓடும்போது ஸ்பீக்கர் வயர் இரண்டும் ஒரு நொடி தொட்டாலும் டிரான்சிஸ்டர் போய்விடும். வால்வு நாட்களின் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இது புரியப் பல பழுதுபார்ப்புச் சீட்டுகள் தேவைப்பட்டன. மேடைகளில் ஸ்பீக்கருக்குப் பயன்பட்ட கால் அங்குல பிளக்கை ஓடும்போதே செருகினால், நுழையும் வழியில் அது இரண்டு முனைகளையும் ஒரு கணம் இணைத்துவிடக்கூடியது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு 'டக்'. டிரான்சிஸ்டருக்கு அதுவே முடிவு.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? எல்லாக் கடைகளிலும் கிடைத்த ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். ஆர்.சி.ஏ. அறுபதுகளில் கொண்டுவந்த 2என்3055, இரண்டு துளை போட்ட வைர வடிவ இரும்புத் தொப்பிக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் தரவுத்தாளில் மூன்று எண்கள் கண்ணில் படும்: 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 60 வோல்ட் முழுதும் அதன் மேல் விழும்போது 115 வாட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே ஓட விடலாம். ஷார்ட்டின்போது நடப்பது இதுதான்: ஸ்பீக்கர் முனையில் மின்னழுத்தம் சைபர் என்பதால் பவர் சப்ளையின் முழு வோல்ட்டும் டிரான்சிஸ்டர் தலையில் விழுகிறது, அதே நேரம் மின்னோட்டமும் உச்சத்தில். 50 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் அந்தக் கணத்தில் 500 வாட்.

அந்த 115 வாட் கூட டிரான்சிஸ்டரின் அடிப்பகுதி 25 டிகிரியில் இருந்தால்தான். ஓடிச் சூடாகி 100 டிகிரியைத் தொட்டுவிட்டால் தரவுத்தாளின் கணக்குப்படி சுமார் 66 வாட்டே மிஞ்சும். காலையில் கடை திறந்ததும் செய்து காட்டும் ஷார்ட்டுக்கும், மூன்று மணி நேரம் கச்சேரி ஓடிய பிறகு நேரும் ஷார்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

இதற்கும் மேல் இன்னொரு கண்ணி இருந்தது. 1958-ல் தார்ன்டன், சிம்மன்ஸ் என்ற இருவர் கவனித்து எழுதிய 'இரண்டாம் முறிவு'. டிரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் சில்லு முழுதும் சமமாகப் பரவாது. அதிக வோல்ட்டில் ஒரு புள்ளியில் குவியும். குவிந்த இடம் சூடாகும், சூடான இடத்துக்கு மேலும் மின்னோட்டம் வரும், அந்தப் புள்ளி உருகிவிடும். வெளியே தொட்டுப் பார்த்தால் ஹீட் சிங்க் குளிர்ச்சியாகவே இருக்கும். மேஜையில் பழுதுபார்ப்பவர்கள் காரணம் தெரியாமல் திகைத்தது இதனால்தான். ஃபியூஸ் போட்டால் தப்பலாமே என்று ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள். ஃபியூஸ் கம்பி உருக எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் டிரான்சிஸ்டரின் கதை முடிந்திருக்கும். ஃபியூஸைக் காப்பாற்ற டிரான்சிஸ்டர் உயிரைக் கொடுக்கும் என்று தொழிலில் இருந்தவர்கள் கசப்போடு சொல்லிக்கொண்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் இதற்கு வெவ்வேறு வழிகளில் மருந்து தேடினார்கள். 1966-ல் டைனகோ நிறுவனம் விற்ற ஸ்டீரியோ 120 ஆம்ப்ளிஃபயரில் 72 வோல்ட் ரெகுலேட்டட் பவர் சப்ளை இருந்தது. மின்னோட்டம் எல்லை மீறினால் சப்ளையே கை விரித்துவிடும். நல்ல யோசனைதான், செலவு அதிகம். பரவலாகப் பிடித்த வழி 1968-ல் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஏ. ஆர். பெய்லி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அவர் ஏற்கெனவே அதே இதழில் ஒலிபெருக்கிப் பெட்டி வடிவமைப்பு ஒன்றை எழுதிப் பெயர் பெற்றிருந்தார். அந்த ஆண்டு மே மாதம் 30 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஜூனில் அதைக் காப்பது எப்படி என்று எழுதினார். ஒவ்வொரு பவர் டிரான்சிஸ்டருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் காவலுக்கு வைப்பதே சாரம். பெரியவனுடைய எமிட்டர் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டைப் பார்த்து மின்னோட்டத்தையும், அவன் தலைக்கு மேல் நிற்கும் வோல்ட்டில் ஒரு பங்கைப் பார்த்து அழுத்தத்தையும் காவல்காரன் சேர்த்துக் கூட்டுகிறான். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் பெரியவனுக்குப் போகும் டிரைவைப் பிடுங்கிவிடுகிறான். ஸ்பீக்கரில் நியாயமான வோல்ட் இருந்தால் பத்து ஆம்பியர் வரை விடுவான். ஷார்ட் ஆகி வோல்ட் சைபரானால் இரண்டு மூன்று ஆம்பியரிலேயே நிறுத்திவிடுவான். மலிவான நான்கைந்து உதிரிகளில் முடிகிற வேலை. இதன் வம்சமே இன்றுவரை எத்தனையோ போர்டுகளில் இருக்கிறது. கடைத் திருப்புளிக்கு முன்னால் ஜெயிப்பது பெரும்பாலும் இந்தக் காவல்காரன்தான்.

ஷார்ட்டைத் தாங்குவதை விற்பனைச் சரக்காகவே மாற்றியவர்களில் முக்கியமான பெயர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் நகரிலிருந்த கிரவுன். அந்த நிறுவனத்தின் மூலக்கதை விசித்திரமானது. அதை நிறுவிய கிளாரன்ஸ் மூர் ஒரு கிறிஸ்தவ ஊழியர். ஈக்வடார் நாட்டின் கீட்டோவில் எச்.சி.ஜே.பி. என்ற மிஷனரி வானொலியில் வேலை பார்த்தவர். கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கும் மேல் இருக்கும் அந்த ஊரின் மெல்லிய காற்றில் ஆன்டெனா முனைகளிலிருந்து மின்சாரம் ஒளிர்ந்து கசிந்து உலோகத்தையே உருக்கியதால், 1942-ல் முனையே இல்லாத சதுர வளைய ஆன்டெனா ஒன்றைக் கண்டுபிடித்தார். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இன்றும் 'குவாட்' என்று அழைக்கும் ஆன்டெனா அதுவே. ஊர் திரும்பி 1947-ல் அவர் தொடங்கிய நிறுவனம் முதலில் மிஷனரிகளுக்காக முரட்டுத்தனமான டேப் ரெக்கார்டர்களைச் செய்தது. பழுதுபார்க்க ஆளே இல்லாத காட்டில் ஓட வேண்டிய கருவி எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் பிறவிக் குணம்.

1967-ல் அங்கிருந்து ஜெரால்ட் ஸ்டான்லி வடிவமைத்த டிசி-300 வந்தது. ஒரு சேனலுக்கு 150 வாட். அந்தக் காலத்தில் வீட்டுக்கு 30, 40 வாட் என்பதே பெரிது. ஷார்ட்டையும் பொருந்தாத பளுவையும் திறந்த முனையையும் தாங்கும் என்று அதன் விவரக்குறிப்பிலேயே எழுதி விற்றார்கள். ஸ்பீக்கருக்கு மட்டுமல்லாமல், ஆய்வகங்களில் அதிர்வு மேடைகளையும் மோட்டார்களையும் ஓட்டவும் அதை வாங்கிப்போனார்கள். ஸ்பீக்கரை விட மோட்டாரே முரண்டு பிடிக்கும் பளு என்பதால், கடையில் யார் எத்தனை தடவை திருப்புளியை வைத்துக் காட்டினாலும் அதைவிட இந்தச் செய்தியே கனமான சாட்சி.

செய்து காட்டி விற்பது ஒலித் தொழிலின் பிறவிப் பழக்கம். எடிசன் கம்பெனி 1915 முதல் பத்தாண்டுக்கு நடத்திய 'டோன் டெஸ்ட்' கச்சேரிகளில், மேடையில் பாடகி பாடிக்கொண்டே இருக்க விளக்கணைத்துவிட்டு கிராமஃபோனைப் பாட விடுவார்கள். எது யார் குரல் என்று ஜனங்கள் கண்டுபிடிக்கத் திணறினார்கள். 1916-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் மேரி ராப்போல்ட் இப்படிப் பாடினார். இத்தகைய கச்சேரிகளில் பாடிய அன்னா கேஸ், தன் முதுமையில், இயந்திரத்தின் குரலுக்கு ஏற்றபடி தன் குரலையே அடக்கிப் பாடியதாகச் சொன்னார். 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃப்டேல் நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ், குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கரோடு சேர்ந்து நேரடி இசையையும் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தபோது மண்டபம் நிரம்பியது. அங்கே சொல்லித்தான் செய்தார்கள்: எது நேரடி, எது பதிவு என்று. கார்னகி ஹாலுக்கும் ஃபெஸ்டிவல் ஹாலுக்கும் இடையிலான இந்தத் தூரத்தை ஷார்ட் வித்தையிலும் பார்க்கலாம்: நிபந்தனையைச் சொல்லிக் காட்டுகிறவர் ஒரு வகை, மறைத்துக் காட்டுகிறவர் இன்னொரு வகை.

நிபந்தனை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு வால்யூம் திருகு ஒன்றே போதும். பின்னணியில் மெல்லிசாகக் கேட்கும் பாட்டுக்கு ஸ்பீக்கர் முனையில் 0.2 வோல்ட் போதும். திருப்புளியும் உள் வயரும் தொடுமிடமும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் ஓடுவது 2 ஆம்பியர். காவல் சுற்றே இல்லாத ஆம்ப்ளிஃபயரும் நல்ல ஹீட் சிங்க் இருந்தால் இதைச் சில நொடி தாங்கிவிடும். அதே ஷார்ட் திருகை முக்கால் பங்கு திறந்து வைத்த நிலையில் நேர்ந்தால், தடுப்பவர் யாரும் இல்லாவிட்டால், சப்ளை கொடுக்கிற அத்தனையும் ஓடும். பொறி பெரிதாகத் தெரிவதும் சின்னதாகத் தெரிவதும் இதனால்தான். கடையில் பொறி சின்னதாக இருந்தால் வாடிக்கையாளர் நிம்மதியடைகிறார். உண்மையில் அங்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திருப்புளிக்குப் பதில் நீண்ட ஸ்பீக்கர் வயரின் கோடியில் இரண்டு முனையையும் முறுக்கிக் காட்டுவதும் உண்டு. நிஜ வாழ்க்கையில் ஷார்ட் அப்படித்தான் நேர்கிறது என்பதால் பார்க்க நியாயமாகவும் இருக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் பத்து மீட்டர் என்றால், போக வர இருபது மீட்டர் செம்பு, கிட்டத்தட்ட அரை ஓம். 0.2 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 0.4 ஆம்பியர்கூட ஓடாது. ஷார்ட் செய்தது வயரின் கோடியை. ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிந்தது ஒரு ரெசிஸ்டர்.

அரைகுறை ஷார்ட் என்பது வேறு வகையில் முழு ஷார்ட்டைவிடக் கொடியது. நான்கு எட்டு ஓம் பெட்டிகளை இணையாக மாட்டினால் இரண்டு ஓம். வாடகைக்கு ஒலி அமைப்பவர்களுக்கு இது அன்றாடம். 50 வோல்ட் சப்ளையில் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் போகிறது என்றால் ஓடுவது 10 ஆம்பியர். மிச்சம் 30 வோல்ட் டிரான்சிஸ்டர் மேல். அந்தக் கணத்தில் 300 வாட். ஸ்பீக்கரில் கணிசமான வோல்ட் இருப்பதால் பெய்லியின் காவல்காரன் இதை ஷார்ட் என்று சொல்ல மாட்டான். பாட்டும் நிற்காது. பெட்டி சத்தமாகவே பாடிக்கொண்டிருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். வாடகை ஆம்ப்ளிஃபயர்கள் முழு ஷார்ட்டில் செத்ததைவிட இப்படிச் செத்ததே அதிகம் என்று தொழிலில் சொல்வது கணக்குக்கும் ஒத்துப்போகிறது. இரண்டு ஓமில் ஒரு மணி நேரம் ஓட்டி விற்றவர் யாரும் இல்லை. பார்க்கக் கூட்டமும் நிற்காது.

நொடிக் கணக்கை விற்பனையாளர்கள் மறைத்தாலும் தரவுத்தாள்கள் மறைக்கவில்லை. ஐ.சி. உலகின் பாப் விட்லர் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் 1965-ல் செய்த 709 ஆப்-ஆம்ப்பின் தாளில், அவுட்புட் ஷார்ட்டைத் தாங்கும் நேரம் 5 நொடி என்றே அச்சிட்டிருந்தார்கள். வேறு நிறுவனத்துக்குப் போன விட்லர் 1967-ல் எல்எம்101-ல் இந்தக் குறையைத் தீர்த்தார். 1968-ல் டேவ் ஃபுல்லகர் ஃபேர்சைல்டுக்காகச் செய்த 741-ன் தாளில் அந்த இடத்தில் 'வரம்பில்லை' என்று இருந்தது. 741 அப்படி ஓடி ஓடி விற்றதற்கு ஒரு காரணம், மாணவன் கை தவறினாலும் அது பிழைத்ததுதான்.

பவர் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.களில் இந்த நேர்மை வேறு மாதிரி வெளிப்பட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கிய தலைமுறைக்கு சான்யோவின் எஸ்டிகே வரிசை தெரியாமல் இருக்காது: உள்ளங்கை அகலத்தில், ஒரு பக்கம் உலோகத் தகடு, கீழே பதினைந்து பதினெட்டு கால்கள். டிரான்சிஸ்டர் ஜோடி பொருத்தம், பயஸ் கணக்கு எதுவும் தேவையில்லை. கால்களை வைத்துப் பற்றவைத்தால் பாடும். அதன் தரவுத்தாளில் ஒரு வரி: பளு ஷார்ட்டை அனுமதிக்கும் நேரம், 2 நொடி. பக்கத்திலேயே எந்த சப்ளை வோல்ட், எத்தனை வாட் அளவு, எந்த அதிர்வெண் என்றும் எழுதியிருக்கும். நிபந்தனை முழுதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விற்பனையாளரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். திருப்புளியை இரண்டு நொடிக்குள் எடுத்துவிட்டால் எஸ்டிகே பிழைக்கும், பார்த்தவர் கைதட்டுவார். மூன்றாவது நொடிக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

காரில் இன்னொரு சிக்கல். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கூடுதல் சத்தம் எடுக்க, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக ஓட்டும் பிரிட்ஜ் முறை வந்தது. இரண்டு முனையிலும் உயிர் இருக்கும். எதுவும் கிரவுண்ட் இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்து காட்டுவது ஒரு சோதனை. காரில் நேர்வதோ, கதவு ஓரத்தில் தேய்ந்த வயர் ஒன்று பாடியில் படுவது. அதனால்தான் கார் ரேடியோ ஐ.சி.களின் தாள்களில் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும்: பளுவுக்குக் குறுக்கே, கிரவுண்டுக்கு, பேட்டரிக்கு. மூன்றில் ஒன்றை மட்டும் காட்டினால் மற்ற இரண்டையும் காட்டியதாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் காப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வி, ஷார்ட்டே இல்லாதபோது அந்தக் காப்பு என்ன செய்கிறது என்பது. எந்தக் கடையிலும் இதற்குச் செய்முறை விளக்கம் கிடையாது.

ஸ்பீக்கர் ஒரு ரெசிஸ்டர் அல்ல. சுருள், காந்தம், கிராஸ் ஓவர் கண்டன்சர்கள் எல்லாம் சேர்ந்ததால் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. வோல்ட் சைபரைக் கடக்கும் கணத்தில் ஆம்பியர் உச்சத்தில் இருக்கலாம். காவல்காரன் பார்வையில் இது ஷார்ட்டேதான். உடனே டிரைவைப் பிடுங்குகிறான். பிடுங்கிய கணத்தில் ஸ்பீக்கர் சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் நிற்க மறுத்து எதிர்ப்பக்கம் வோல்ட்டை எகிற வைக்கிறது. கேட்பவர் காதுக்கு அது ஒரு கூர்மையான 'டிக்', அல்லது உச்ச ஸ்தாயியில் ஒரு கரகரப்பு. வாங்கியவர் ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைப்பார். கடைக்காரர் ஒலிப்பதிவு சரியில்லை என்பார். எந்தத் திருப்புளிக்கும் அசையாத பெட்டியிலேயே இது நடக்கலாம். சொல்லப்போனால் காவல் எவ்வளவு கண்டிப்போ அவ்வளவு எளிதாக நடக்கும்.

பின்லாந்தின் மாட்டி ஓட்டாலா இந்தப் பக்கத்தைத் தோண்டினார். 1987-ல் ஹட்டுனனுடன் எழுதிய ஆய்வில், கடையில் விற்கும் பல ஸ்பீக்கர்கள் சில கணங்களில் எட்டு ஓம் ரெசிஸ்டர் கேட்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கின்றன என்று அளந்து காட்டினார். அதற்குள் சந்தையும் அதே திசையில் திரும்பியிருந்தது. 1977-ல் வந்த மார்க் லெவின்சன் எம்எல்-2 ஆம்ப்ளிஃபயர் வெறும் 25 வாட். ஆனால் பளுவைப் பாதியாக்கினால் 50, இன்னும் பாதியாக்கினால் 100. எண்பதுகளில் கிரெல் நிறுவனம் அதே வழியில் பேர் எடுத்தது. ஓட்டாலா பணியாற்றிய ஹார்மன் கார்டன், உடனடி மின்னோட்டத் திறன் என்று ஓர் எண்ணைத் தன் விளம்பரத்தில் சேர்த்தது. ஒரு ஓம் அளவுக்கு இறங்கிய அப்போஜி ஸ்கின்டில்லா ஸ்பீக்கரை வாங்கியவர்களுக்கு அந்த எண் தேவைப்பட்டது. ஷார்ட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருந்த எல்லைக்கோடு இப்படித் தேய்ந்துகொண்டே வந்தது.

மறுபக்கம், வாட் எண்ணைத் துரத்திப் போனவர்களும் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் பாப் கார்வரின் ஃபேஸ் லீனியர் 700, சேனலுக்கு 350 வாட் என்று அத்தனை பேரையும் அசத்தியது. விலைக்கு அது கொடுத்த வாட் நம்ப முடியாதது. மேடைகளில் அடித்து ஓட்டியவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'ஃபிளேம் லீனியர்'. பெயர் ஒட்டிக்கொண்டது; வாங்குவதும் நிற்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஹிட்டாச்சியின் 2எஸ்கே134, 2எஸ்ஜே49 ஜோடி மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் இன்னொரு கதவைத் திறந்தன. நிறைய ஓடும்போது சூடானால் அவற்றில் மின்னோட்டம் குறையும். ஒரே புள்ளியில் குவியாது. 7 ஆம்பியர் அளவிலேயே களைத்துவிடும். இரண்டாம் முறிவுத் தொல்லை போனதால், ஹாஃப்லர் போன்றவர்கள் பெய்லி வகைக் காவல் சுற்றையே விட்டுவிட்டு ஃபியூஸோடு நிறுத்திக்கொண்டார்கள். அதில் 'டிக்' கேட்க வழியே இல்லை.

காட்சிக்கு மாற்றாக அளவைக் கொடுத்த ஒரு முயற்சியைச் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனின் மக்கின்டாஷ் நிறுவனம் 1962-ல் 'ஆம்ப்ளிஃபயர் கிளினிக்' தொடங்கியது. டேவ் ஓ'பிரையன் அளவுக் கருவிகளோடு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போவார். யார் வேண்டுமானாலும், எந்தக் கம்பெனி ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும், தூக்கிக்கொண்டு வரலாம். காசில்லாமல் வாட்டையும் சிதைவையும் அளந்து வரைபடமாகக் கையில் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இது நடந்தது. இதில் வியாபார சாமர்த்தியம் இல்லாமல் இல்லை: பெட்டியில் அச்சிட்ட வாட்டுக்கும் வரைபடத்தில் விழுந்த வாட்டுக்கும் வித்தியாசத்தைப் பார்த்தவர் அடுத்து யாரிடம் வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சோதனைக்கு வந்தது வாடிக்கையாளருடைய சொந்தப் பெட்டி. கடைக்காரர் தேர்ந்தெடுத்து வைத்தது அல்ல. ஷார்ட் வித்தைக்கு இல்லாத அந்தஸ்து அதற்கு வந்தது இதனால்தான்.

வாட் பொய்களை அரசும் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1974-ல் கொண்டுவந்த விதிப்படி, வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்தில் வாட் போடுவதற்கு முன் அதை மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டியிருந்தது. கிளாஸ் பி ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டருக்கு அதிகச் சூடு வருவது முழுத் திறனில் அல்ல, நாற்பது சதவீதச் சுற்றுவட்டாரத்தில் என்பதால் இது கடினமான சோதனை. சின்ன ஹீட் சிங்க்கில் பெரிய வாட் எழுதியவர்கள் திணறினார்கள். ஆணையம் 2000-ல் இதை எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தியது. திருப்புளிச் சோதனைக்கு அந்த விதியில் இடமே இல்லை.

காப்புச் சுற்றும் அதற்குள் புத்திசாலியாகிவிட்டது. 1969-ல் எல்எம்109 ரெகுலேட்டரில், சில்லு தன் சூட்டைத் தானே பார்த்து அணைந்துகொள்ளும் வழியை விட்லர் வைத்தார். எண்பதுகளில் அவருடைய எல்எம்12 பவர் ஆப்-ஆம்ப், டிரான்சிஸ்டருக்குள்ளேயே உச்சச் சூட்டைக் கணத்துக்குக் கணம் அளந்து எல்லையை நகர்த்தியது. எத்தனை ஆம்பியர் என்று கேட்காமல், எத்தனை சூடு என்று கேட்டது. எல்எம்12-ஐச் செய்த அதே நிறுவனத்தின் எல்எம்3886-ல் இந்த முறைக்கு 'ஸ்பைக்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களிடம் அது கொடி கட்டிப் பறந்தது. குறைந்த ஓம் ஸ்பீக்கரோடு ஓட்டியவர்கள் அந்தப் பெயருக்கேற்ற கூர்முனைகளை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துப் புலம்பியதும் உண்டு. கிரவுன் தன் எண்பதுகளின் மேடை ஆம்ப்ளிஃபயர்களில் டிரான்சிஸ்டரின் சூட்டைக் கணக்கிடும் ஒரு சின்ன அனலாக் கணினியையே உள்ளே வைத்து, ஓடெப் என்று விற்றது. எல்லை நெருங்கும்போது பாட்டை வெட்டாமல் மெல்ல அமுக்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முகப்பு விளக்கு காட்டும்.

இன்றைய கிளாஸ் டி சில்லுகள் ஒவ்வொரு சுவிட்ச்சிலும் மின்னோட்டத்தைப் பார்க்கின்றன. ஷார்ட் ஆனால் மைக்ரோ நொடிகளில் அணைந்துவிடும். சில, யாராவது திரும்ப ஆன் செய்யும்வரை எழாது. சில, விட்டு விட்டுத் தானாகவே முயன்று பார்க்கும். இரண்டாவது வகைக்குத் திருப்புளி வைத்தால் பாட்டு நிற்கும், எடுத்தால் வரும். முதல் வகைக்கு வைத்தால் பாட்டு நின்றே போகும், விற்பனையாளர் முகம் சுருங்கும். முதல் வகையே மோசம் என்று எவரும் சொல்ல முடியாது. தேய்ந்த வயரோடு இரவு முழுதும் முயன்றுகொண்டே இருக்கிற ஆம்ப்ளிஃபயரை எல்லோரும் விரும்ப மாட்டார்கள்.

பாதுகாப்புத் தரநிலைகளோ ஷார்ட்டை முற்றிலும் வேறு கண்ணோடு பார்க்கின்றன. நீண்ட காலம் உலகம் முழுதும் புழங்கிய ஐ.இ.சி. 60065-ம், அதைப் பின்பற்றிய இந்தியாவின் ஐ.எஸ். 616-ம் ஸ்பீக்கர் முனைகளை ஷார்ட் செய்து சோதிக்கச் சொல்லின. ஷார்ட்டோடு முடியவில்லை, சூடு நிலைக்கும் வரை மிக மோசமான பளுவை மாட்டச் சொல்லின. நெருப்புப் பிடிக்கக் கூடாது, தொட்டால் ஷாக் அடிக்கக் கூடாது என்பவையே நிபந்தனைகள். சோதனை முடிந்த பிறகு ஆம்ப்ளிஃபயர் மறுபடி பாட வேண்டும் என்று அந்தத் தாள்களில் எங்கும் இல்லை.